கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது. இன்று காலை ஒருவன் வந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஃபைபர் துணியைச் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டு, டப்பாவில் ரெசினை ஊற்றி, அதைக் கெட்டியாக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்கினான். நான் ஜன்னலைச் சாத்துவதற்குள் வாடை உள்ளே வந்துவிட்டது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நான் போகவில்லை. நீ வந்திருக்கிறாய், எழுந்து போனால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

நான்கு வருடமாக இப்படித்தான் வருகிறாய். கம்பெனியில் நீ வேலை பார்த்த மோல்டிங் ஷெட்டைக் கடக்கும்போது வருவாய். அங்கே ஃபைபரில் வார்த்த பேருந்து முன்முகப்பு புதிதாகப் பளபளவென்று நின்றால் வருவாய். ஓசூரில் இந்த வாடை இல்லாத தெருவைத் தேடி வீடு மாற்றலாம் என்றுகூட ஒரு சமயம் யோசித்தேன். வீட்டுத் தரகரிடம் காரணம் சொல்ல முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

உனக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் உயிரோடு இருந்தபோது நான் எழுதியதைத் தவிர வேறு எதையும் நீ படித்ததில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கம்பெனியில் என் வேலை என்னவென்று என் மாமனாருக்கு இன்றுவரை புரியவில்லை. உனக்கு முதல் நாளே புரிந்தது. இயந்திரங்களோடு தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்கள் வரும். அவற்றைப் படித்து, ஆபரேட்டர்கள் பார்த்து ஓட்டும்படி தமிழில் ஒரே பக்கமாக எழுதி, லேமினேட் செய்து இயந்திரத்தின் பக்கத்தில் மாட்டுவேன். இருநூறு பக்கத்தை ஒரு பக்கமாக்க வேண்டுமானால் எதையாவது வெட்டியாக வேண்டும். நான் வெட்டுவது எப்போதும் எச்சரிக்கைப் பக்கங்களை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே படங்கள், நசுங்கும் கை, மின்னல், மண்டை ஓடு. அதற்கென்று சுவரில் போர்டு இருக்கிறது, தனியாக ஒரு ஆபீசர் இருக்கிறார். பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். வேண்டாம் என்று அர்த்தம். பிளான்ட் மேனேஜர் ஒருமுறை என் ஷீட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, இப்படித்தான் சுருக்கமாக இருக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ரெசின் பீய்ச்சும் இயந்திரத்துக்கு நான் எழுதிய ஷீட்டோடு நீ ஆபீசுக்கு வந்தாய். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, ஓட்டைச் சாக்ஸோடு என் மேஜை முன்னால் நின்றாய்.

“சார், நாலாவது வரி தப்பு. வால்வ மொதல்ல தெறந்தா மூஞ்சில அடிக்குது.”

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். நீ என்னை ஷெட்டுக்குக் கூட்டிப் போய் வால்வைத் திறக்கச் சொன்னாய். என் கண்ணாடியும் புது சட்டையும் வெள்ளைப் பூச்சில் முழுகின. ஷெட்டே சிரித்தது. மறுநாள் ஷீட்டைத் திருத்தி நானே கொண்டுவந்து மாட்டினேன். அதற்குப் பிறகு நீ எல்லோரிடமும் சொன்னது இதுதான்: “சாரு தப்புன்னா ஒத்துக்குவாரு.” எனக்குக் கிடைத்த சான்றிதழ்களிலேயே அதுதான் பெரிது. நீ அதைத் தப்பான ஆளுக்குக் கொடுத்துவிட்டாய் என்று தெரிய வருடங்கள் ஆயின.

படகுப் புத்தகங்கள் பாகலூர் சாலைப் பழைய பேப்பர் கடையில் கிடைத்தன. பெங்களூர் அடுக்குமாடி வீடுகளில் கழிக்கும் புத்தகங்கள் அங்கே மூட்டையாக வந்து விழும். நீ இரும்புக் குழாய் தேட வந்திருந்தாய், நான் வேடிக்கை பார்க்க வந்திருந்தேன். சணலில் கட்டிய மூன்று நீலப் புத்தகங்கள். மேலட்டையில் ஒருபக்கம் சாய்ந்து ஓடும் சின்னப் பாய்மரப் படகு. லீவு நாளில் பொழுதுபோக்காகப் படகு ஓட்டுகிறவர்களுக்கென்று யாரோ பொறுமையாக எழுதியவை. கடல் நமக்கு ஆறு மணி நேரம் தள்ளி இருக்கிறது. நான் கீழே வைத்துவிட்டேன். நீ வைக்கவில்லை.

“இது வெறும் மோல்டிங்கு சார். பஸ் மூஞ்சியவிட ஈஸி.”

“செஞ்சு எங்க ஓட்டறது? தண்ணித் தொட்டியிலயா?”

“தண்ணி இருந்தா போதும். உப்பு இருக்கணும்னு இதுல போட்டிருக்குதா, பாத்துச் சொல்லு சார்.”

நீ பாரூர்க்காரன். நடக்கும் முன்பே ஏரியில் நீந்தினேன் என்று பீற்றிக்கொள்வாய், அது பாதி உண்மையாகவும் இருந்தது. என்னைச் ‘சார்’ என்பாய், கூடவே ‘நீ, வா, போ’ என்பாய். இரண்டும் சேர்ந்து வருவது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உன் வீட்டுத் தகரக் கொட்டகையில் வாசிப்பு நடந்தது. நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன், பிறகு ஷிஃப்ட் நோட்டு ஒன்றில் உனக்கு எழுதித் தருவேன். உன் மனைவி மஞ்சுளா பஜ்ஜித் தட்டோடு வந்து நிற்பாள். பேரிகை ஊர்ப் பெண், வீட்டில் தெலுங்கு. உன்னைத் தெலுங்கில் திட்டிவிட்டு, அதே மூச்சில் என்னைத் தமிழில் “சாப்பிடுங்கண்ணா” என்பாள். காற்று எந்தப் பக்கம் வருகிறது, பாயை எவ்வளவு இழுக்க வேண்டும், சுக்கானை எந்தப் பக்கம் தள்ள வேண்டும், அவிழாத முடிச்சு எது, அவசரத்துக்கு அவிழும் முடிச்சு எது. இதையெல்லாம் நன்றாகவே எழுதினேன். காற்றின் வேகத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஓர் அட்டவணை இருந்தது. புகை நேராக எழுந்தால் காற்றில்லை, சாய்ந்தால் இளங்காற்று, கொடி விரிந்தால் இன்னும் கொஞ்சம், காகிதம் பறந்தால் இன்னும். சிப்காட் புகைபோக்கிகளைப் பார்த்தே நீ அதை மனப்பாடம் செய்தாய். டீ இடைவேளையில் வானத்தைப் பார்த்து “இன்னிக்கி மூணாம் நம்பர் சார்” என்பாய். மற்றவர்கள் ஏதோ நம்பர் விளையாட்டு என்று நினைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட நமக்குப் பிடித்தது படகுக்காரர்களின் நம்பிக்கைகளைச் சொன்ன அத்தியாயம். பாய்மரத்துக்கு அடியில் நாணயம் வைக்க வேண்டும். வைத்த பெயரை மாற்றக் கூடாது. படகில் சீட்டி அடித்தால் காற்றைக் கூப்பிட்டதாக அர்த்தம். வாழைப்பழம் படகில் ஏறவே கூடாது. இதைக் கேட்டுவிட்டு நீ ஒரு சீப்பு பழத்தையும் கரையிலேயே தின்று தீர்த்துவிட்டுப் படகு ஏறினாய், சட்டத்தை மீறக் கூடாதாம். அந்தப் பத்தொன்பது பக்கத்தையும் நான் ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தேன்.

அதற்கு அடுத்த அத்தியாயத்துக்குப் பெருக்கல் குறி போட்டேன்.

ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்ற அத்தியாயம். மிதவைச் சட்டை, கவிழ்ந்த படகு, குளிரில் விறைப்பது. புரட்டிப் பார்க்கும்போதே கை பழக்கத்தில் பென்சிலை எடுத்துவிட்டது. கடலுக்கானது, நம்முடையது ஏரி. நீ மட்டும் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாய். தலைகீழாகக் கிடந்த படகின் முதுகில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“இவனுங்க ஏன் சார் இப்பிடிக் குந்திக்கினு இருக்கானுங்க? நீந்திப் போவாம?”

நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. படித்தவன் போலச் சொன்னேன்: “நீச்சல் தெரியாதவங்களுக்கு அது. உனக்கெதுக்கு? நீ பாரூர் மீனு.”

நீ சிரித்தாய். பக்கத்தைத் திருப்பினாய். இதை எழுதும்போதும் அந்த விரல் அந்தப் படத்தின் மேல் இருக்கிறது.

நான்கு மாதத்தில் படகு வந்துவிட்டது. மரச் சட்டத்தின் மேல் ஃபைபர் துணி அடுக்கடுக்காக ஒட்டினாய். இரண்டு முனையிலும் பெட்டி அடித்து, பேக்கிங்குக்கு வரும் தெர்மாகோலை அடைத்து மூடினாய். கவிழ்ந்தாலும் இது முழுகாது என்று அதன் மேல் குதித்துக் காட்டினாய். பாய்க்குத் துணி வாங்கக் கட்டுப்படியாகவில்லை, கல்யாண பேனர் ஒன்றைத் திருப்பிப் போட்டுத் தைத்தோம். வெள்ளைப் பக்கம் நம் பக்கம். சூரியன் எதிரே வரும்போது மட்டும் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளேயிருந்து மங்கலாகத் தெரிவார்கள். “யாரு பெத்த புள்ளைங்களோ, ஏரியில ஊர்கோலம் போவுது” என்பாய். படகுக்கு ‘மஞ்சு’ என்று பெயர் எழுதினாய். மஞ்சுளா மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு அவளே ஒரு மாலையைக் கொண்டுவந்து போட்டாள்.

முதலில் கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பார்த்தோம். மதகுப் பக்கம் நுரை மிதந்தது, காவலரும் தனியார் படகெல்லாம் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம்தான் அந்த ஏரி. அதன் பெயரை நான் இப்போது வாயால் சொல்வதில்லை, இங்கேயும் எழுதவில்லை. நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கு அங்கே வாய்த்தன. காற்று செத்துப்போய் நடு ஏரியில் நின்றபோது நீ தடையை மீறிச் சீட்டி அடித்தாய். கொஞ்ச நேரத்தில் பாய் புடைத்தது. உன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் நாற்பத்தைந்து வயது வரையில் எனக்கு யாரும் அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

அது ஆடி மாதம். என் பாதத்தில் கால் ஆணியை அறுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள், தண்ணீர் படக் கூடாது. நான் கரையிலேயே நிற்கிறேன் என்றேன். நீ தனியாகப் போனாய். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றிருந்தார்கள். நடு ஏரியில் நீ திரும்பும்போது காற்று ஒரே அடியாக அடித்தது. பாய் மெல்லத் தண்ணீரில் படுத்தது, பிறகு படகு புரண்டு அதன் வெள்ளை வயிறு மேலே வந்தது. நொண்டிக்கொண்டே தண்ணீர் ஓரம் வரை ஓடினேன். அடுத்த நிமிடமே உன் தலை தெரிந்தது. ஏறிவிட்டாய். எருமை முதுகில் உட்காருவது போலக் காலைப் பரப்பி உட்கார்ந்து, சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றினாய். நீ சிரித்தது அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெரிந்தது.

நீ பத்திரமாக இருந்தாய். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குப் பயம் போய்விட்டது. போன இடத்தில் எரிச்சல் வந்தது. கால் வலித்தது, வெயில், மஞ்சுளா சாப்பாடு செய்து வைத்திருப்பாள், ஆட்டுக்காரர்கள் வேறு நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போதும் இந்தக் கூத்து என்று நினைத்தேன். வலது கையைத் தூக்கி வா வா என்று அசைத்தேன். நீ உனக்குக் கீழே இருந்த படகைக் கையால் தட்டிக் காட்டினாய். இதை என்ன செய்வது என்று கேட்டாய். அது கிடக்கட்டும், நீ வா என்று இன்னொரு முறை அசைத்தேன். சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீ தண்ணீரில் இறங்கினாய்.

பாதி தூரம் நன்றாகத்தான் வந்தாய். நடுவில் ஆகாயத்தாமரை பெரிய பாயாகப் படர்ந்திருந்தது. கரையிலிருந்து பார்க்க அது பச்சைக் கோடாகத்தான் தெரிந்தது. நீ அதைச் சுற்றி வரப் பார்த்தாய், அலை உன்னை அதற்குள் தள்ளியது. கை வீச்சு குறைந்தது. தலை ஒருமுறை தெரிந்தது, இன்னொரு முறை தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. ஆட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீர் வரை ஓடி நின்றுவிட்டார். நான் உன் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தேன்.

காற்று நம் கரையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. படகு ஆகாயத்தாமரைக்கு ஒதுங்கித் தானாகவே மிதந்துவந்து என் காலடியில் கல்லில் முட்டி நின்றது. யாரோ பத்திரமாகக் கொண்டுவந்து விட்டது போல நின்றது. நீ அதன் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

மறுநாள் காலையில் தீயணைப்புக்காரர்கள் உன்னை எடுத்தார்கள். நான் வாக்குமூலம் கொடுத்தேன். படகு கவிழ்ந்தது, அவர் முழுகிவிட்டார், மேலே வரவில்லை. மூன்றே வரி. சுருக்கமாக எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம். மஞ்சுளாவிடமும் அதையேதான் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் முடிந்து வீட்டுக்கு வந்து, பெருக்கல் குறி போட்ட பக்கத்தை முதன்முறையாகப் படித்தேன். அந்தப் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்தது. படகு மிதக்கும் வரை அதை விடாதே. எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் விடாதே. கரை எப்போதும் இருப்பதைவிடப் பக்கத்தில் தெரியும். இவ்வளவுதான். தமிழில் எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் ஐந்து நிமிடம்.

அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு உன் வீட்டுக்குப் போய்வருவேன். மஞ்சுளா கம்பெனி கேன்டீன் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் போனால் டீ போட்டுக் கொடுப்பாள், உப்புச்சப்பில்லாமல் நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்து வருவேன். கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். படகு அங்கேதான் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் முதுகு காலியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்த்தால் காலியாக இருக்காதோ என்றுதான் பயம். நீ அங்கே உட்கார்ந்து, இதை என்ன செய்வது என்று தட்டிக்கொண்டிருப்பாய்.

இரண்டு மாதம் முன்பு டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் ஒரு விஷயம் சொன்னாள். பேரிகையில் இருக்கும் அவள் தம்பி நாகராஜுக்கு, கம்பெனி வேன் ஓட்டுகிறவனுக்கு, அந்தப் படகு வேண்டுமாம். மீன் பிடிக்க இல்லை, வெறுமனே பாயைக் கட்டி ஓட்டிப் பார்க்கத்தான். அவளுக்கு முதலில் இஷ்டமில்லை. சும்மா கிடந்து மட்குவதற்குப் பதில் ஓடட்டும் என்று பிறகு மனசு வந்திருக்கிறது.

“அவுருக்கு நீங்க எழுதிக் குடுத்த நோட்டு இருக்குதில்ல, அதயே தம்பிக்குக் குடுத்துரட்டுமாண்ணா? அதுல எல்லாமே இருக்குதில்ல?”

இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அதே நோட்டு, அதே படகு, அவளுடைய சொந்தத் தம்பி. அந்தப் பக்கம் அப்போதும் அதில் இல்லை. அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. பக்கத்தை மட்டும் எழுதித் தபாலில் அனுப்பலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். இது ஏன் நோட்டில் இல்லை என்று அவள் கேட்பாள். படகு ஓட்டுவது சட்டப்படி தப்பு என்று சொல்லித் தடுக்கலாம் என்று இன்னொரு நாள் நினைத்தேன். அது இன்னொரு பொய். சாரு தப்புன்னா ஒத்துக்குவாரு என்று ஷெட் முழுக்க நீ சொல்லித் திரிந்தது காதில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த அத்தியாயம் முழுவதையும் எழுதினேன். எதையும் சுருக்கவில்லை. பதினோரு பக்கம் வந்தது. அடுத்த ஞாயிறு எடுத்துப் போனேன்.

மஞ்சுளா அரிசி களைந்துகொண்டிருந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்கல் குறி, நீ விரல் வைத்த படம், நான் சொன்ன பதில், நீ சட்டையைச் சுற்றியது, நான் கையசைத்தது, இரண்டாவது முறை அசைத்தது. அவள் பாத்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. முடித்ததும் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஆட்டுக்காரங்க கருமாதிக்கு முந்தியே வந்து சொல்லிட்டாங்கண்ணா. நீங்க கைய ஆட்டுனீங்கன்னு.”

நான் கையிலிருந்த காகிதங்களைச் சுருட்டிக்கொண்டேன்.

“நீங்க வர்றப்பல்லாம் இன்னிக்கிச் சொல்லுவாரு, இன்னிக்கிச் சொல்லுவாருன்னு டீ போடுவேன். குடிச்சிட்டுக் கெளம்பிருவீங்க. நாலு வருசம்.”

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். நீ மேலே உட்கார்ந்திருந்தபோது எப்படி இருந்தாய் என்று ஆட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். பயந்துபோய் இருந்தாரா என்று கேட்டாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார் என்றேன். நிஜமாகவா என்றாள். நிஜமாக என்றேன். அந்தச் சிரிப்பை நான் நான்கு வருடம் அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன் கடைசிச் சந்தோஷத்தையும் சேர்த்துத் திருடியிருக்கிறேன். அது அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவில்லை.

பதினோரு பக்கத்தையும் அவள் வாங்கிக்கொண்டாள். எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “வர்ற ஞாயித்துக்கெழமை தம்பி எறக்குறான். கரையில நீங்க நிக்கணும்.”

வேறு யாரையாவது நிறுத்தலாமே என்று கெஞ்சினேன். அவள் அரிசியைத் திரும்பக் களைய ஆரம்பித்தாள்.

போனேன். அதே ஏரி. ஆகாயத்தாமரை இந்த வருடம் குறைவு. நாகராஜ் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை வாங்கியிருந்தான், நான் எழுதிய பக்கம் இரண்டில் இருப்பதுபோல வாரையெல்லாம் இழுத்துப் பூட்டியிருந்தான். மஞ்சுளா என் பக்கத்தில் நின்றாள். பக்கம் நான்கில், காற்றில்லாத நாளில் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக வேண்டும் என்று இருக்கிறது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவன் ஒருபக்கம் சாய்ந்து படகைப் புரட்டினான். மெல்லப் படுத்தது. வெள்ளை வயிறு மேலே வந்தது. தலை தெரிந்தது. அவன் ஏறி, காலைப் பரப்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

“அங்கயே இரு. எறங்காத. அங்கயே இரு.”

அவன் கட்டை விரலைக் காட்டினான். நான் நிறுத்தவில்லை. அங்கயே இரு, எறங்காத, அங்கயே இரு என்று கத்திக்கொண்டே இருந்தேன். குரல் உடைந்தது, கத்தினேன். அவன் இறங்கும் உத்தேசமே இல்லாமல் உட்கார்ந்திருந்தான், போதும்ணா, கேக்குது என்று திரும்பக் கத்தினான். எனக்கு அவன் தெரியவில்லை. சட்டை இல்லாத உடம்பும், தலைக்கு மேல் சுழலும் சட்டையும், அந்தச் சிரிப்பும்தான் தெரிந்தன. நீ படகைத் தட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான்கு வருடம் தாமதமாக நான் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மஞ்சுளா என் முழங்கையைப் பிடித்தாள்.

“கேட்டிருச்சுண்ணா” என்றாள். “அவுருக்குக் கேட்டிருச்சு. வாங்க.”

நான் அவளை நம்பவில்லை. நம்பினவன் மாதிரி நின்றேன், அவளுக்காக. இப்போதும் கம்பெனியில், தெருவில், தூரத்தில் இருக்கும் ஒருவனை நான் கையசைத்துக் கூப்பிடுவதில்லை. எவ்வளவு தூரமானாலும் நானே நடந்து போகிறேன்.